சிரிப்புக்குள் ஒரு தாகம்

பேரழிவைக் காட்டும் திரைப்படம் என்றதும் மூழ்கும் கப்பலும் எரியும் மாடிக் கட்டடமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் அழிவு சில மணி நேரத்தில் வந்து முடிந்துவிடும். ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் ஓர் ஊரைத் தின்னும் அழிவும் உண்டு. அதுவே வறட்சி. அதைக் கருவாகக் கொண்டு ஆட்சியாளரை எள்ளி நகையாடிய தமிழ்ப் படம், 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தண்ணீர் தண்ணீர்’.

கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை ஆகிய இரு தேசிய விருதுகளை அப்படம் பெற்றது.

கதை நடக்கும் ஊர் அத்திப்பட்டி. அங்கே குடிக்க நீரில்லை; மனுக்களால் பயனில்லை. சட்டத்துக்குத் தப்பி வந்த வெள்ளைச்சாமி அவ்வூரில் அடைக்கலம் புகுந்து, தொலைவிலிருந்து மாட்டு வண்டியில் நீர் கொண்டு வருகிறான். குற்றவாளி ஊருக்கு நீர் தருகிறான். நீர் தரவேண்டிய அரசோ அவனைப் பிடிக்க முயல்கிறது! மக்கள் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். தாங்களே கால்வாய் வெட்ட முனைகிறார்கள். அனுமதி பெறவில்லை என்று அதிகாரிகளும் காவலரும் தடுக்கிறார்கள். அதுவரை வராத அரசு, தடுப்பதற்கு மட்டும் தவறாமல் வந்து விடுகிறது. இங்கேதான் நம் சிரிப்பு தொண்டையில் அடைத்துக் கொள்கிறது.

அங்கதம் என்பது வெறும் கேலியன்று. வழக்கம் என்று நாம் ஏற்றுக்கொண்டதைப் பைத்தியக்காரத்தனம் என்று காட்டுவதே அதன் பணி. ‘தண்ணீர் தண்ணீர்’ அப்பணியை வீட்டுக்குள்ளும் செய்கிறது. சரிதா நடித்த செவ்வந்தியின் கணவன் காவலர். வெள்ளைச்சாமியைப் பிடித்தால் பதவி உயர்வு என்பது அவன் கணக்கு. மனைவி தன் பக்கமே நிற்பாள் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அவளோ ஊரின் பக்கம் நிற்கிறாள். கேட்காமலே கீழ்ப்படிவாள் என்று கணவன் மனைவியைப் பற்றியும், ஆட்சி மக்களைப் பற்றியும் நினைப்பது ஒரே நினைப்பன்றோ? நீர் வற்றினால் முதலில் நடக்கத் தொடங்குபவை பெண்ணின் கால்களே. எனினும் ஊரை மீட்கும் வண்டியை இப்படமும் ஓர் ஆணிடமே தந்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021இல், அமெரிக்காவில் ஆடம் மெக்கே இயக்கிய ‘டோன்ட் லுக் அப்’ இதே நோயை வானிலிருந்து காட்டியது. பூமியை நோக்கி வரும் வால்மீனைக் கண்டுபிடிப்பவள் ஓர் ஆய்வு மாணவி. தொலைக்காட்சியில் அவள் பதறிப் பேசினால் பித்துப்பிடித்தவள் என்று உலகம் நகைக்கிறது. அதே செய்தியைச் சொல்லும் ஆண் பேராசிரியரோ புகழ்பெற்ற மனிதராகிறார். குடியரசுத் தலைவராக இருப்பவர் ஒரு பெண். ஆயினும் அவர் பார்ப்பது வால்மீனையன்று, தேர்தலை. நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்துவிட்டால் மட்டும் எல்லாப் பெண்களின் குரலும் கேட்கப்பட்டுவிடாது என்பதை அப்படம் உணர்த்துகிறது.

இவை கற்பனை என்று ஒதுக்க இயலுமா? கிருஷ்ணா நீரை நம் மாவட்டத்துப் பூண்டி ஏரிக்குக் கொண்டுவர ஆந்திரத்துடன் 1983இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. நீர் வந்து சேர்ந்த ஆண்டு 1996. பின்னர் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர், நம் அண்டை ஊரான அரக்கோணத்தைக் கடந்து வில்லிவாக்கம் சென்றது. வெள்ளைச்சாமியின் மாட்டு வண்டி புகைவண்டியாயிற்று, அவ்வளவே.

மனத்தை நோகச் செய்யும் இத்தகைய படத்தை நாம் விரும்புவது ஏன்? அது நம்மை ஏமாற்றுவதில்லை. கடைசிக் காட்சியில் கதாநாயகன் வந்து அழிவைத் தடுத்துவிடுவான் என்று பொய் சொல்வதில்லை. அழிவு வால்மீனிலோ வறட்சியிலோ தொடங்கவில்லை. சொல்பவர் யார் என்று பார்த்துக் காதை மூடிக்கொள்வதில் தொடங்குகிறது என்கிறது.

மாணவ நண்பர்களே! நம் வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து கேள்வி கேட்கும்போது கடைசி வரிசையில் எழும் சிரிப்பை ஒருமுறை உற்றுக் கேளுங்கள். அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.