பீலிக்கு வேண்டிய வாட்டம்

வீடு கட்டுவோர் அத்திவாரமிட நாள் பார்க்கின்றனர். நிலை வைக்க நாள் பார்க்கின்றனர். சீமெந்தின் தரம், மரத்தின் வைரம், ஓட்டின் உறுதி ஆகியவற்றைப் பற்றி நான்கு பேரிடம் விசாரித்து அறிகின்றனர். இறவாரத்திலே பூட்டப்படும் பீலியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. கணக்குத் தீர்க்கும் வேளையில், மிஞ்சிய பணத்தைக் கொண்டு, மிஞ்சிய பொழுதில் அது பூட்டப்படுகின்றது. அப்பொழுதும் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நேராக இருக்கின்றதா?"

கேடு அந்தக் கேள்வியிலேதான் தொடங்குகின்றது. முற்றும் நேராகப் பூட்டிய பீலி நீரைக் கடத்தாது, தேக்கி வைக்கும். நீர் இறங்கும் குழாயை நோக்கி அது சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். இச்சாய்வையே வேலைக்காரர் வாட்டம் என்பர்.

கூரையிலே விழும் நீர் எவ்வளவு என்பதை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். 10 மீற்றர் நீளமும், நிலத்தளவில் 5 மீற்றர் அகலமும் உடைய ஒரு கூரைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை மாத மழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் பெய்யுமாயின், அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் 2,500 லீற்றர் நீர் பீலிக்குள் வந்து விழும். இரண்டரைத் தொன் நிறையுள்ள இந்நீர் முழுவதும் ஒரு சாண் அகலமும் இல்லாத வாய்க்கால் வழியே ஓடி இறங்கவேண்டும். ஓட வழியின்றேல் அது விளிம்பு கடந்து வழியும். உட்புறமாக வழிந்தால் சுவரைத் தேடிச் செல்லும்.

இதற்கு வேண்டிய வாட்டமோ மிகச் சிறிது. 10 அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. மீற்றர்க் கணக்கிற் கூறின் 10 மீற்றருக்கு ஏறக்குறைய 2 சென்றிமீற்றர். கோணமாகப் பார்த்தால் ஒரு பாகையின் எட்டிலொரு பங்கு! கீழே நிற்பவரின் கண்ணுக்கு இது புலப்படவே மாட்டாது. ஆதலின் அழகு கெடும் என்று அஞ்சவேண்டியதில்லை. மரங்கள் சூழ்ந்த வளவுகளிலும், மாரி மழை கொட்டும் நம் வட பகுதியிலும் இதன் இருமடங்கு கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

அப்படியாயின் இன்னும் அதிகமாகச் சாய்த்தால் என்ன? பயன் குறைவு. ஒரே ஆழத்தில் ஓடும் நீரின் வேகம் வாட்டத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகின்றது. வாட்டத்தை நான்கு மடங்காக்கினாலும் வேகம் இருமடங்குதான் ஆகும். அதேவேளை பீலியின் தாழ்ந்த நுனி ஓட்டின் விளிம்பிலிருந்து வெகுவாக இறங்கிவிடுவதால், கூரை நீர் அதைத் தாண்டிப் பாயும். நீண்ட சுவராயின் நடுப்பகுதியை உயர்த்தி, இரு புறமும் சாய்த்து, இரண்டு இறங்கு குழாய்கள் வைப்பதே முறை.

வாட்டமில்லாத பீலி முதலில் தன்னையே கெடுத்துக்கொள்ளும். 10 சென்றிமீற்றர் அகலமுள்ள 10 மீற்றர்ப் பீலியில் 2 சென்றிமீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் அதன் நிறை 20 கிலோகிராம். இந்நிறை தாங்கிகளை இரவும் பகலும் கீழே இழுக்கின்றது, நடு தொய்கின்றது, தொய்ந்த இடத்தில் மேலும் நீர் சேர்கின்றது. நாகமுலாம் பூசிய தகரமாயின் நின்ற நீர் முலாமைத் தின்று துருவேற்றும். பிளாஸ்ரிக் பீலிக்கு வேறொரு குணமுண்டு. 10 மீற்றர் நீளமுடையது 20 பாகை வெப்ப வேறுபாட்டில் ஒரு சென்றிமீற்றருக்கு மேல் நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டால் வெயிலில் நெளிந்து ஆங்காங்கே குழி விழும்.

அடுத்து வீட்டுக்கு வருவோம். உட்புறம் வழியும் நீர் இறவாரப் பலகையையும் கைமரத்தின் நுனியையும் நனைக்கின்றது. ஈர மரத்தைக் கறையானும் பூஞ்சணமும் பற்றிக்கொள்கின்றன. சுவரின் அடியில் ஒரே இடத்தில் விழும் நீர் மண்ணை அரித்து அத்திவாரத்தைத் திறந்துவிடும். தெறிக்கும் நீராற் சாந்து உப்பி உதிரும். மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கன் போன்ற இடங்களில், நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண் உண்டு. அத்தகைய நிலத்தில் வீட்டின் ஒரு மூலை மட்டும் நீர் குடித்துக்கொண்டிருந்தால் சுவர் பிளவுபடுவதில் வியப்பில்லை.

இவற்றினும் அஞ்சத்தக்கது நுளம்பு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு சேற்றுக் குட்டையைத் தேடுவதில்லை. பீலியில் நிற்கும் கையளவு மழைநீர் அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழையிற் பொரிக்கும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். தொட்டியையும் சிரட்டையையும் கவிழ்த்து வைக்கும் நாம், தலைக்கு மேலே இருப்பதை ஏறிப் பார்ப்பதில்லை.

நம் முன்னோரின் நாற்சார வீடுகளில் வெளிப்புறத்துக்குப் பீலி பெரும்பாலும் வேண்டியிருக்கவில்லை. இறவாரம் அகன்று நீண்டிருந்தது, வளவும் விசாலமாயிருந்தது. உட்கூரைகளின் நீர் நடுமுற்றத்தில் விழ, முற்றத்துத் தளம் நீர்போக்கியை நோக்கிச் சாய்ந்திருந்தது. வாட்டத்தின் அருமையை அவர்கள் தளத்திலே காட்டினர். இன்றோ பரப்புக் கணக்கிற் காணி வாங்கி, மதிலோடு ஒட்டிச் சுவரெழுப்பி, இறவாரத்தையும் குறுக்கிவிட்டோம். வழியும் நீர் அயலவர் வளவில் விழுந்தால் அது வழக்குக்கும் இடமாகும். கூரை நீரை அயற்காணியில் வீழ்த்துவதை, முறைப்படி பெற்றிருக்கவேண்டிய ஒரு தனி உரிமையாகவே நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் கருதுகின்றது.

பீலி பூட்டும்போது கூரை விளிம்பையோ பலகையையோ அளவுகோலாகக் கொள்ளுதல் ஆகாது. அவை மட்டமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயின் இரு நுனிகளையும் சுவரின் இரு கோடிகளிற் பிடித்தால், இரண்டிலும் நீர் நிற்கும் உயரமே உண்மையான மட்டம். அங்கிருந்து குழாய்ப் பக்கத்தில் வேண்டிய அளவு இறக்கி, நூல் கட்டி, நூலை ஒட்டி இரண்டு மூன்று அடிக்கு ஒரு தாங்கி வீதம் அறையவேண்டும்.

ஏற்கெனவே பூட்டிய பீலியைப் புரட்டாதி மாதத்திலே, மாரிக்கு முன்னர், சோதித்துவிடுவது நல்லது. ஏணியை ஒருவர் பிடிக்க மற்றவர் ஏறி, முதலிற் சருகையும் வேப்பங்கொட்டையையும் அள்ளி அகற்றவேண்டும். சருகு தடுத்த நீரைக் கண்டு வாட்டம் பிழையென்று மயங்கித் தாங்கிகளைக் கழற்றலாகாது. பின்னர் உயர்ந்த கோடியில் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு, அது ஓடி முடிந்ததும் எங்கே நீர் தங்கி நிற்கின்றது என்று பார்க்கவேண்டும். அந்த இடத்துத் தாங்கியைத்தான் உயர்த்தவேண்டும்.