எடை குறைந்தது, ஒளி கூடியது

வைர மோதிரம் வாங்கப் போகும் நீங்கள் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? "எத்தனை கரட்?" என்றுதானே! கரட் என்பது வெறும் எடை. ஐந்து கரட் ஒரு கிராம். கல் மின்னுமா, மங்கிக் கிடக்குமா என்பதைத் தராசு சொல்லாது. அது பட்டை தீட்டியவரின் கைவேலை. (வட்டம், நீள்வட்டம் என்பன உருவங்கள். உருவம் வேறு, வெட்டு வேறு.)

கோஹினூரைப் பாருங்கள். 1851இல் இலண்டன் கண்காட்சியில் அதைக் காணச் சனம் திரண்டது. கண்டவர்களோ ஏமாற்றத்துடன் திரும்பினர். எடையைக் காக்கும் பழைய முறையில் வெட்டப்பட்டிருந்ததால் கல்லில் எதிர்பார்த்த ஒளி இல்லை. 1852இல் இளவரசர் அல்பர்ட், அம்ஸ்டர்டாம் கைவினைஞர்களை வரவழைத்து மீண்டும் பட்டை தீட்டுவித்தார். ஏறத்தாழ 191 கரட் கல் 105.6 கரட்டாகச் சுருங்கியது. ஒளிக்காகக் கொடுத்த விலை அது!

காரணம் இதுதான். மேற்புறத்தால் நுழையும் ஒளி, அடிப்பட்டைகளில் இருமுறை தெறித்து மீண்டும் நம் கண்ணுக்கு வரவேண்டும். அடிப்புறம் தட்டையானால் ஒளி கீழே கசிந்துவிடும். ஆழம் மிகுந்தாலும் கசிவுதான். நடுவில் கருமை தெரியும். 1919இல் மார்செல் டொல்கொவ்ஸ்கி என்பவர் கணக்கிட்டு, அடிப்பட்டையின் சாய்வு ஏறக்குறைய 41 பாகை இருக்கவேண்டும் என்றார்.

அப்படியிருந்தும் சிலர் ஏன் ஆழமாக வெட்டுகிறார்கள்? எடை மிஞ்சும், காசும் மிஞ்சும். நன்கு வெட்டிய ஒரு கரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீற்றர் அகலம். ஆழமாக வெட்டியது 6 மில்லிமீற்றரே இருக்கலாம், அது 0.8 கரட் கல்லின் தோற்றம். மிச்சத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் கல்லின் வயிற்றுக்குள் ஒளிந்து கிடக்கும். பேருவளை வியாபாரிகள் நீலக்கல்லின் அடியைத் தடிப்பாக விடுவதில் நிறத்தைக் காக்கும் நோக்கமும் உண்டு. நிறமற்ற வைரத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஆகவே கடையின் கூரிய விளக்குகளுக்குக் கீழே முடிவெடுக்காதீர்கள். அங்கே எல்லாமே மின்னும். சாதாரண வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மெல்ல அசைத்து, நடுப்பகுதியைக் கவனியுங்கள். அகலத்தை மில்லிமீற்றரில் கேளுங்கள். அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 2006 முதல் வட்ட வைரங்களின் வெட்டுக்கும் தரம் குறிக்கிறது; சான்றிதழில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, சகோதரிகளே: சமையல் எண்ணெய் அடிப்பட்டையில் படிந்தால் எத்தனை நல்ல வெட்டும் மங்கும். இளஞ்சூடான சவர்க்கார நீரில் மென்மையான தூரிகையால் கழுவினால் போதும்.