சொந்தக் கூட்டில் முட்டை எடுக்கலாமா?

காஞ்சிபுரத்துத் தறிக்குப் போகும் பட்டு நூல் ஒரே சீராக இருக்க வேண்டும். அந்தச் சீர் புழு வளர்ப்பு மனையில், முட்டையிலேயே தொடங்குகிறது.

“நல்ல கூடுகளில் கொஞ்சத்தை விற்காமல் வைத்து நாமே முட்டை எடுத்தால் செலவு மிச்சம்தானே?” என்று பட்டு வளர்ப்போர் கேட்பதுண்டு. இதற்கு மரபியலில் விடை இருக்கிறது.

ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒரு மரபணுவும் புழுவுக்கு வருகின்றன. மெண்டல் பட்டாணியில் கண்ட இந்த விதி பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று 1906இல் காட்டியவர் ஜப்பானிய அறிஞர் தோயாமா. சயாம் நாட்டு மஞ்சள் கூட்டு இனத்தை ஜப்பானிய வெள்ளைக் கூட்டு இனத்தோடு அவர் சேர்த்தார். முதல் தலைமுறை முழுவதும் மஞ்சள் கூடு கட்டியது. அந்தப் பூச்சிகளையே தங்களுக்குள் சேர்த்தபோது, நான்கு கூட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெள்ளை திரும்பி வந்தது. மறைந்திருந்த பண்பு அழிந்துவிடவில்லை.

ஆக, தூய இனங்களைச் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். புழுக்கள் சீராக வளரும், வீரியமும் கூடும். அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறும், வீரியமும் குறையும்.

இன்று வளர்க்கும் வெண்பட்டு இரட்டைக் கலப்பினத்தில் சி.எஸ்.ஆர்.2, 27, 6, 26 ஆகிய நான்கு இனங்கள் உள்ளன. முதல் இரண்டும் நீள்வட்டக் கூடும், மற்ற இரண்டும் இடை ஒடுங்கிய கூடும் கட்டுபவை. இதில் முட்டை எடுத்தால் அடுத்த கூடும் வெள்ளையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. கூட்டின் வடிவம், எடை, இழை நீளம் எல்லாம் பலவாறாகும். இவற்றைக் கலந்து நூற்றால் இழை அடிக்கடி அறுந்து, நூலின் பருமன் மாறும். நூற்பாளர் விலையைக் குறைப்பார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெப்ரின் நோய் தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுப் புழுவுக்கு வரும். தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். வீட்டில் எடுக்கும் முட்டைக்கு அந்தச் சோதனை இல்லை.

முட்டையில் மிச்சம் பிடிப்பது சிறு தொகை. பணயம் வைப்பதோ ஏறத்தாழ 25 நாள் உழைப்பும் ஒரு தோட்டத்து மல்பெரி இலையும். எனவே ஒவ்வொரு முறையும் சோதித்த, நோயற்ற முட்டைத் தொகுதிகளை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் வாங்குவதே லாபம்.