கிரேக்கக் களஞ்சியமும் நம் நிகண்டும்

ஸ்ரீராம்புரத்து நம் பிள்ளைகள் ‘தெசாரஸ்’ என்றால் ஆங்கிலப் புத்தகம் என்றே அறிவார்கள். அதன் மூலம் ‘தேசௌரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். சேர்த்த செல்வத்தையும், அதை வைக்கும் இடத்தையும் குறிக்கும். டெல்பியில் ஏதென்ஸ் நகரத்தார் காணிக்கைகளுக்காகக் கட்டிய சிறு மண்டபத்துக்கும் இதே சொல்தான். ‘ட்ரெஷர்’ என்பதும் இதிலிருந்து வந்ததே. நம் களஞ்சியமும், பக்கத்து வீட்டுக் கன்னடத்தார் சொல்லும் ‘கணஜ’வும் தானியம் சேர்க்கும் இடங்கள், பிறகு அறிவுக்கும் ஆகிவந்தன.

1852-இல் ரோஜே வெளியிட்ட தெசாரஸில் சொற்கள் அகரவரிசையில் இல்லை, பொருள்வாரியாக உள்ளன. எங்கள் ரயில்வே ஸ்டோர்ஸில் உதிரிப் பாகங்களை இனம் பிரித்து அடுக்குவோமே, அப்படி. சேந்தன் திவாகரம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி பிரித்துவிட்டது. நிகண்டு என்ற சொல்லையே நம் பிள்ளைகளில் பலர் கேட்டதில்லை என்பதுதான் எனக்குக் குறை.