வடமோடிக் கூத்தும் போர்ப் பொருளும்

வாழைச்சேனை முதலான மட்டக்களப்பு ஊர்களில் பயின்றுவந்த வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரதப் போர் முதலான போர்க்கதைகளையே பொருளாகக் கொண்டவை. அரசர்தம் போரை உழவரும் மீனவரும் ஆடினர் என்பதே கவனித்தற்குரியது. தேரும் படையும் களரிக்கு வருவதில்லை; அண்ணாவியாரின் மத்தளமும் பிற்பாட்டுக்காரரின் குரலும் துள்ளலாட்டமுமே அவற்றைத் தோற்றுவிக்கின்றன. இதற்காக ஊரவர் மாதக்கணக்கில் இரவுதோறும் கூடிச் சட்டம் பழகுவர்.

1962இல் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடப்பட்ட இக்கலை படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. நகர மத்தியதர வர்க்கம் கூத்தை மதிக்கத் தலைப்பட்டமைக்கு இம்முயற்சி பெரிதும் காரணம். அதனைக் குறைகூறுதல் நேர்மையன்று. ஆயினும் கர்ணனாக வருபவன் பகலில் எவர் வயலில் உழுதான் என்பதை வட்டக்களரியைச் சூழ்ந்திருந்தோர் அறிவர். மண்டபத்துப் பார்வையாளருக்கு அவன் கர்ணன் மட்டுமே.