மென்பொருளும் கொள்கலமும்

சொல்லடைவு தொகுக்கும் நிரலொன்று ஒரு கணிப்பொறியில் செவ்வனே இயங்கி, மற்றொன்றில் இயங்காதொழிதலைக் கண்டுள்ளோம். காரணம் என்னை? நிரல் தனித்து இயங்குவதன்று. பைத்தான் முதலிய நிரல்மொழியின் குறிப்பிட்ட பதிப்பையும் துணைநூலகங்களையும் சார்ந்தே இயங்குவது. எழுத்தைப் பகுக்கும் நூலகத்தின் பதிப்பு வேறுபடின் சொற்கணக்கும் வேறுபடலாம். ஆய்வு முடிபைப் பிறர் சரிபார்த்தல் அரிதாகும்.

இக்குறையை நீக்க உதவுவது கொள்கலமுறை. நிரலையும் அதன் சார்புகளையும் ஒருங்கே பொதிந்து வைத்தல் இதன் இயல்பு. 1979-இல் யூனிக்சில் தோன்றிய சீரூட் இதற்கு முன்னோடி. 2013-இல் வெளிவந்த டாக்கர் இதனை எளிதாக்கிப் பரப்பிற்று.

படிமம் வேறு, கொள்கலம் வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். அச்சுக்கோத்த பக்கம் ஒன்றிலிருந்து பல படிகள் எடுத்தல் போல, மாறாத ஒரு படிமத்தினின்று பல கொள்கலங்களை இயக்கலாம். மெய்நிகர்ப் பொறி தனக்கென இயங்குதளம் முழுவதையும் கொள்ளும். கொள்கலமோ தன்னைத் தாங்கும் இயங்குதளத்தின் கருவைப் பகிர்ந்துகொள்ளும். ஆதலின் விரைவாய்த் தொடங்கும்.

தொடங்குவோர்க்கு டாக்கர்பைல் என்னும் கோப்பில் நான்கு கட்டளைகள் அமையும். ஃப்ரம் அடிப்படைப் படிமத்தைச் சுட்டும்; காப்பி கோப்புகளைச் சேர்க்கும்; ரன் நூலகங்களை நிறுவும்; சிஎம்டி தொடக்கத்தில் இயங்குவதைக் கூறும். பின்னர், டாக்கர் பில்டு படிமத்தை ஆக்கும். டாக்கர் ரன் கொள்கலத்தை இயக்கும்.

இரண்டினை மறத்தலாகாது. பதிப்பெண்ணைக் குறியாது விடின் நாளை வேறு பதிப்பு வந்து புகும். கொள்கலத்தை நீக்கின் அதனுள் எழுதிய தரவும் அழியும். ஆகலின் தரவை வால்யூம் என்னும் புறச்சேமிப்பில் வைத்தல் வேண்டும். மூலபாடத்தைக் காக்கும் நாம், அதனை ஆராயும் கருவியையும் காத்தல் கடன்.