உழவு இயந்திரப் பெட்டிக்குப் பிறேக்குப் பொருத்துதல்

நெல்லும் மரக்கறியும் ஏற்றிய பெட்டியை இழுக்க உழவு இயந்திரத்துக்கு வலிமை இருந்தால் மட்டும் போதாது. அதனை நிறுத்தவும் வலிமை வேண்டும். பெட்டிக்குப் பிறேக்கு இல்லையெனில், 2,000 கிலோகிராம் நெல்லின் பாரம் இறக்கத்தில் இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளும். இயந்திரம் குறுக்கே திரும்பிக் கவிழவுங் கூடும்.

பெட்டி வாங்கும்போது இரு பக்கச் சில்லுகளிலும் பிறேக்கு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அஃது எண்ணெய் அமுக்கத்தால் இயங்குவதாயின், அதற்குரிய வால்வு இயந்திரத்தில் இருத்தல் அவசியம். மின்னால் இயங்குவதாயின், மிதியை அழுத்தும்போது கட்டுப்படுத்தும் கருவி மின்னோட்டத்தை அனுப்பும். சில்லினுள் உள்ள மின்காந்தம் பிறேக்கை இயக்கும். அக்கருவி இயந்திரத்தின் பற்றரிக்கு ஏற்ற வோல்ற்றளவு உடையதாயிருத்தல் வேண்டும்.

பொருத்தியபின் முதலில் வெறும் பெட்டியுடனும், பின்னர் பாரத்துடனும் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதிக்குக. பெட்டியின் பிறேக்கு இயந்திரத்தின் பிறேக்குக்குச் சற்று முந்திப் பிடித்தால் பெட்டி முன்னே தள்ளாது. சில்லு இறுகி வழுக்குமாயின் பிடியைத் தளர்த்துக.

வயலில் திரும்புதற்குத் தனித்தனியே மிதிக்கும் இட, வல மிதிகளை வீதியில் ஒன்றாகப் பிணைத்தே ஓட்டுக. இறக்கம் தொடங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாற்றுக. இறங்கும்போது கிளச்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போம். வேகம் இருமடங்காயின், பிறேக்குப் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.